யூக்கா பாலிடா: தண்ணீர் விட்டே கொல்லாதீர்கள்

யூக்கா என்றதும் டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குக் கடையில் விற்கும் மரவள்ளிக்கிழங்குதான் நினைவுக்கு வரும். அது வேறு செடி. இந்த யூக்காவின் வேரைத் தோண்டிச் சமைத்துவிடாதீர்கள். சோப்பு போல நுரைக்கும் சபோனின் அதில் இருக்கிறது. இலையைக் கடித்தால் நாய், பூனைக்கும் ஆகாது.

நான் சொல்ல வந்தது யூக்கா பாலிடாவைப் பற்றி. டெக்சாஸ்தான் இதன் சொந்த மண். செடி ஒன்றிலிருந்து இரண்டடி உயரம்தான் இருக்கும். நீலம் ஓடிய வெளிர்பச்சை இலை, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. வசந்தம் முடிவதற்குள் நான்கைந்து அடித் தண்டு எழும்பி, வெள்ளை மணிகளாகப் பூத்துத் தொங்கும்.

இந்த ஊர்ச் செடிதானே, எங்கே வைத்தாலும் வரும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நானும் அதைத்தான் செய்தேன். டாலஸ் பக்கத்துக் கறுப்பு மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே: நனைந்தால் உப்பிக் காலைப் பிடிக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பாலிடா அந்த வட்டாரத்துச் செடிதான், ஆனால் அது விரும்புவது தண்ணீர் நிற்காத சுண்ணாம்புக்கல் மேடு. நான் புல்தரை ஓரமாக, ஸ்பிரிங்ளர் எட்டும் இடத்தில் வைத்தேன். இரண்டாவது வசந்தத்தில் குருத்தைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் குழைந்து, அழுகிய வெங்காய வாடை.

சரி, குழி வெட்டி ஜல்லி நிரப்பலாமே என்றால் அதுவும் வம்புதான். களிமண்ணுக்குள் ஜல்லிக்குழி ஒரு வாளி மாதிரி. சுற்றியுள்ள மழைத்தண்ணீரெல்லாம் அதற்குள்தான் இறங்கும். தரைக்கு மேலே ஓரடி மேடு கட்டி, மண்ணோடு சுண்ணாம்புக்கல் ஜல்லி கலந்து நடுங்கள். இலைகள் கிளம்பும் கழுத்துப்பகுதி புதையக் கூடாது. மரப்பட்டை மூடாக்கு ஈரத்தைக் கழுத்திலேயே பிடித்து வைக்கும், சரளைக்கல் பரப்புங்கள். முதல் கோடையில் மட்டும் மண் நன்றாகக் காயும்போதெல்லாம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும். வேர் பிடித்தபின் மழையே பார்த்துக்கொள்ளும். உரமும் வேண்டாம்.

பாதி நிழலிலும் உயிரோடு இருக்கும், பூ குறையும். குழந்தைகள் ஓடும் நடைபாதையிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள், இலை நுனி கூர்.

அப்புறம் மருந்து. பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து தெளிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது யூக்கா அந்துப்பூச்சி. சிறிய வெள்ளைப் பூச்சி, இரவில்தான் வேலை செய்யும். பெண் பூச்சி வாயருகே உள்ள உறுப்பால் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, வேறொரு பூவுக்குக் கொண்டுபோகும். அந்தப் பூவில் காயாகும் பகுதியான சூலகத்தில் முட்டையிட்டு, அதன் உச்சியான சூல்முடியில் மகரந்தத்தை வைத்து அழுத்தும். பொரிக்கும் புழுக்கள் விதையில் ஒரு பங்கைத் தின்னும். பூச்சி வராவிட்டால் காயே இல்லை.

காயில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டை தெரிந்தால் நோய் என்று பயப்படாதீர்கள். புழு வெளியேறி மண்ணுக்குள் போன வழி அது. காயைப் பிளந்து பாருங்கள்: தின்றதுபோக மிச்ச விதைகள் கறுப்பாக, தட்டையாக, காசு அடுக்கியதுபோல் இருக்கும்.