மலைக்கு வந்த தந்தையின் வாழ்வை எழுதும் முறை

1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த தந்தையின் வாழ்வைத் தலைத்திவசத்துக்குள் எழுத விரும்பும் பிள்ளைகள், முதலில் அவருடைய தகரப்பெட்டியைத் திறக்க வேண்டும். கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் உள்ள தேதிகளை அப்படியே படியெடுங்கள். அட்டையில் பதிந்த வயதும் பாட்டி சொன்ன வயதும் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால், இரண்டையும் குறிப்பதே நேர்மை. இப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தந்த டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் 1968இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி 1976இல்தான் தனிக் கழகமாயின. ஆகவே பழைய வேலைச் சீட்டுகளில் வனத்துறையின் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

அடுத்து, அவருடன் கப்பலேறியவர்களைத் தேடிச் செல்லுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதற்குமேல் எதுவும் வராது. தலைமன்னாரில் கப்பலேறும்போது கையில் என்ன இருந்தது, மண்டபம் முகாமில் முதல் நாள் என்ன சாப்பிட்டார்கள், கூடலூரின் முதல் மழைக்காலத்தை எதைப் போர்த்திக் கழித்தார்கள் என்று கேளுங்கள். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் எங்கள் அப்பாவின் கவாத்துக் கத்தியைப் பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பெரியப்பாவின் கையில் கொடுத்தபோதுதான், அதன் பிடியில் சுற்றியிருந்த நைந்த துணி, பாட்டி கப்பலில் கட்டி வந்த சேலையின் முந்தானை என்பது எங்களுக்குத் தெரிய வந்தது.

எழுதி முடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எங்கள் அப்பாவின் நினைவு மலரில் அச்சகத்தார் இலங்கையின் மஸ்கெலியாவை நீலகிரியின் மசினகுடி என்று திருத்திவிட்டார்கள்.