சர்வர் முடங்கிய நாளில் செய்யக்கூடாத தவறுகள்

அரசு உதவித்தொகைக்கான இணையதளம் திறக்காமல் போவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அன்றைய பதற்றத்தில் எடுக்கும் சில முடிவுகள், இரண்டு நாளில் சரியாகிவிடக்கூடிய ஒரு கோளாறைப் பல மாத அலைச்சலாக மாற்றிவிடுகின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டை விட்டுவிட்டு பி.எஃப். பணத்துக்காக வந்து நிற்பவருக்கும், பர்கூர் மலையிலிருந்து பேருந்து பிடித்து அந்தியூருக்கு வரும் முதியவருக்கும் ஒரு நாள் வீணாவதே பெரிய இழப்பு. அதற்கு மேலும் இழக்காமல் இருப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

முதல் தவறு, திரையில் தெரிவதை அப்படியே நம்பிவிடுவது. 2022 அக்டோபரில் பி.எஃப். கணக்குப் புத்தகத்தில் வட்டி வரவு காணப்படவில்லை என்று நாடு முழுவதும் உறுப்பினர்கள் கலங்கினார்கள். மென்பொருள் மாற்றத்தால் விவரம் தெரியவில்லையே தவிர யாருக்கும் வட்டி இழப்பு இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் அப்போது விளக்கமளித்தது. அமெரிக்காவிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், தன் ஊழியர் எண்ணிக்கையை ஏறத்தாழ 57,000-லிருந்து 50,000 ஆகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அடுத்த மாதம் அதன் இணையதளம் மீண்டும் மீண்டும் முடங்கியது. மார்ச் இறுதியில், வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வழங்கப்படும் எஸ்எஸ்ஐ உதவித்தொகையைப் பெறுபவர்களில் சிலர், தங்களுக்கு இப்போது எந்தத் தொகையும் வழங்கப்படவில்லை என்ற அறிவிப்பைக் கண்டு அதிர்ந்துபோனார்கள். அந்த அறிவிப்புதான் பிழையானது, உதவித்தொகை நிறுத்தப்படவில்லை. உங்கள் உரிமையை முடிவு செய்வது அரசாணையும் அலுவலகக் கோப்பும் ஆகும். எழுத்துமூலமான நிராகரிப்போ, அரசு அனுப்பிய குறுஞ்செய்தியோ வராத வரையில், திரையில் பெயர் இல்லை என்பதை வைத்து உதவி போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாச் சேவைகளையும் இணையதளத்துக்கு மாற்றிவிட்டு, மேசைக்குப் பின்னால் இருந்து பதில் சொல்லும் ஆளையும், சர்வரைப் பராமரிக்கும் ஆளையும் ஒருசேரக் குறைப்பது அரசுகள் செய்யும் தவறு. அதற்கான விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள், காத்திருக்க வசதியில்லாதவர்கள். ஆகவே பின்வருபவற்றை மக்களின் அறியாமை என்று யாரும் கருதிவிடக் கூடாது.

பக்கம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது அடுத்த தவறு. இ-சேவையில் வருமானச் சான்றிதழுக்குக் கட்டணம் பிடித்தமாகி, ஒப்புகைச் சீட்டு மட்டும் வராமல் நின்றுபோவது உண்டு. உடனே இன்னொரு விண்ணப்பம் போட்டால், ஒரே பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சேர்ந்து, எதைப் பரிசீலிப்பது என்ற குழப்பத்தில் இரண்டுமே தாமதமாகலாம். முதலில் பணப் பரிவர்த்தனையின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பி.எஃப். தளத்தில் அவசரம் இன்னும் ஆபத்தானது. வேலையை விட்டு விலகிய தேதியைத் தவறாகப் பதிந்துவிட்டால், அதைத் திருத்துவது பெரும் வேலையாகிவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கேடு விளைவிப்பது, அலைபேசி எண்ணை விட்டுக்கொடுப்பது. திருப்பூர், பெருந்துறை, கரூர் போன்ற தொழில் ஊர்களில் பிரவுசிங் சென்டர்களின் உதவி இல்லாமல் தொழிலாளர்களின் பாதி வேலை நடக்காது. அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலானோர் நல்லவர்களே. மாலையில் கூட்டம் நிற்கிறது, சர்வர் வந்து வந்து போகிறது, தையல் வேலை முடிந்து வந்த பெண்ணின் போனில் சார்ஜ் இல்லை. “ஓடிபி வர நேரமாகுதுங்க அம்மணி, இப்போதைக்கு என் நம்பரையே போட்டு முடிச்சிரலாமுங்க” என்று கடைக்காரர் சொல்வது உதவி செய்யும் எண்ணத்தில்தான். அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பெண்ணின் பி.எஃப். கணக்கின் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. கடை இடம் மாறினாலோ, அந்த எண் காலாவதியாகி இன்னொருவருக்கு ஒதுக்கப்பட்டாலோ, தன் சொந்தச் சேமிப்பைப் பார்ப்பதற்குக் கூட அவர் அலைய வேண்டியிருக்கும். ஊருக்குத் திரும்பிவிட்ட வெளிமாவட்ட, வெளிமாநிலத் தொழிலாளிக்கு இது இன்னும் கடினம். ஓடிபி வரவில்லையென்றால் வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள், எண்ணை மாற்றாதீர்கள். கடவுச்சொல்லைக் கடையில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவைக்க அனுமதிக்காதீர்கள்.

தளம் திறக்காதபோது கூகுளில் “கஸ்டமர் கேர் நம்பர்” என்று தேடுவதும் இதே அளவு ஆபத்தானது. மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை அத்தகைய தேடல்களில் சிக்கும்படி பரப்பிவைக்கிறார்கள். பேசத் தொடங்கியதும், உதவுவதாகச் சொல்லி, போனின் திரையைத் தாங்களே இயக்கக்கூடிய ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். பி.எஃப். குறித்த உதவிக்கு 14470, விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகை குறித்து 155261, தமிழக அரசுத் திட்டங்கள் குறித்த புகார்களுக்கு முதல்வரின் உதவி மைய எண் 1100. மோசடியில் பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

தவணை வரவில்லை என்றதும் வேறு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி ஆதாரை அங்கே இணைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆதார் வழியாக வரும் மானியம், கடைசியாக எந்தக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் பி.எம். கிசான் தொகை, கூட்டுறவு வங்கிக் கணக்குக்கு வருமென்று ஒரு மஞ்சள் விவசாயி காத்திருக்க, அது நகைக்கடனுக்காகத் திறந்த வேறொரு கணக்கில் யாரும் பார்க்காமல் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுவதே சரி.

கடைசி நாளுக்காகக் காத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே நாளில் நுழைவதால்தான் தளம் படுத்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை கிடைக்காதவர்கள் காரணம் அறியத் திரண்டபோது இணையதளம் திணறியது. மேல்முறையீட்டுக்கோ 30 நாட்கள் இருந்தன. ஓய்வூதியர் உயிருடன் இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் கொடுக்கும் வாழ்வுச் சான்றிதழை எல்லோரும் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்ற தவறான எண்ணமும் உண்டு. மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம் என்பது உண்மை. 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆனால் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பி.எஃப். உறுப்பினர்களுக்கான ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ். வழியாகப் பென்ஷன் வாங்குபவர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். கோவையிலும் சேலத்திலும் மில் வேலையில் விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு முகம் வழியாக அடையாளம் காணும் வசதியும் உண்டு; நடக்க முடியாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து முடித்துக்கொள்ளலாம்.

ரேஷன் கடையில் கருவி வேலை செய்யவில்லை என்றதும் வெறும் பையுடன் திரும்புவது, பலர் தவறு என்றே அறியாத தவறு. இணைப்பு இல்லாததாலோ ரேகை பதியாததாலோ எவருக்கும் உரிய பொருளை மறுக்கக் கூடாது, விதிவிலக்குப் பதிவேட்டில் பதிந்துகொண்டு வழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதை விற்பனையாளரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அவரும் அதே சர்வரோடு காலையிலிருந்து போராடிக்கொண்டிருப்பவர்தான்.

இறுதியாக, சான்று வைத்துக்கொள்ளாமல் திரும்பிவிடுவது. பிழை அறிவிப்பு தெரியும் திரையை, தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தில் இருப்பவரிடம் விண்ணப்ப எண்ணை ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி வாங்குங்கள். கெடு முடிந்துவிட்டால், அந்தப் படத்தின் நகலை இணைத்து, எந்தத் திட்டம், எந்த நாளில் முயன்றீர்கள், என்ன அறிவிப்பு வந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதி, மாநிலத் திட்டமென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து, மனு எண் பதிந்த ஒப்புகையைப் பெறுங்கள். பி.எஃப். என்றால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதியை ஒட்டி மாவட்டந்தோறும் நடக்கும் குறைதீர் முகாமில் கொடுக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் அலுவலகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.