தில்லியில் புதுசு வாங்காமல் குடித்தனம்: எங்கிருந்து தொடங்கலாம்?

வேலை மாற்றலாகியோ கல்யாணமாகியோ தில்லிக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் முதல் வருஷத்திலேயே வீட்டை நிரப்பிவிடுகிறார்கள். ஆசையை மட்டும் குறை சொல்ல முடியாது. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்கும் கீழே போகும். கூலர், ரஜாய் (உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை), ஸ்வெட்டர், ஹீட்டர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் இதில் பாதி ஏற்கெனவே இந்த ஊரில் யார் வீட்டுப் பரணிலோ சும்மா கிடக்கிறது.

படி 1: எதைப் புதிதாக வாங்கலாம் என்று முதலில் எழுதுங்கள்

மளிகை, மருந்து, உள்ளாடை, குக்கர் கேஸ்கட், கேஸ் டியூப், ஹெல்மெட். பழைய ஹெல்மெட் ஏற்கெனவே அடிபட்டதா என்று வெளியே பார்த்தால் தெரியாது. அதில் சிக்கனம் வேண்டாம். மற்றதெல்லாம் புதிதாக வாங்குவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

படி 2: ஒரு மாதம் ஆறப்போடுங்கள்

வேண்டும் என்று தோன்றுவதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பலவற்றை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

படி 3: இருப்பதைச் சரிபண்ணுங்கள்

ரஜாயையே எடுத்துக்கொள்ளுங்கள். சில குளிர்காலம் போனதும் உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகிவிடும், நடுவில் வெறும் துணிதான் இருக்கும், அங்கே குளிரும். உடனே புதுசு வாங்க ஓடுவார்கள். பஞ்சு கெட்டுப்போவதில்லை, அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, உறையை மட்டும் துவைத்துக் காயவையுங்கள். பஞ்சை நல்ல வெயிலில் போட்டு எடுத்து, பஞ்சடிக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். முன்பு வில் போன்ற கருவியால் அடிப்பார்கள். இப்போது பெரும்பாலும் மிஷின்தான். கொடுக்கும்போது எடை போட்டுக்கொள்ளுங்கள். தூசு போகக் கொஞ்சம் குறையும், நிறையக் குறைந்தால் கேளுங்கள். முடிந்தால் கூடவே நின்று உங்கள் பஞ்சுதான் உறைக்குள் திரும்பப் போகிறதா என்று பாருங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டுவார்கள். அந்தத் தையல் நெருக்கமாக இருந்தால்தான் பஞ்சு மறுபடி ஒதுங்காது. தீபாவளிக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு கூட்டம் தாங்காது.

படி 4: வாய்விட்டுக் கேளுங்கள்

நமக்கு இதில்தான் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ஆர்.கே.புரம் போன்ற அரசுக் குடியிருப்புகளில் பள்ளிப் பரீட்சை முடிந்ததும் மாற்றலாகிப் போகிறவர்கள் கட்டில், கூலர், மேஜை எல்லாவற்றையும் கைமாற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். "மாமி, யாராவது ஊருக்குக் கிளம்பினா சொல்லுங்களேன்" என்று அங்கிருக்கும் முருகன் கோயிலான மலை மந்திரில் பார்ப்பவர்களிடம் சொல்லிவைத்தால் போதும்.

பழைய இரும்புக் கூலர் என்றால் தொட்டியின் அடிப்பாகத்தைக் கையால் தடவித் துரு பாருங்கள். தண்ணீர் ஊற்றி பம்ப்பை ஓடவிடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர வைக்கும் புல் எப்படி இருந்தாலும் கவலையில்லை, அதை வருஷா வருஷம் மாற்றத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிபண்ணித் தேய்த்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

படி 5: புத்தகமும் சீருடையும்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பிள்ளைகள் படித்தால், மேல்வகுப்புப் பிள்ளைகளின் சீருடை, ஸ்வெட்டர், பிளேசர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம். பாடப்புத்தகத்தில் மட்டும் கவனம் தேவை. என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் 3, 6-ஆம் வகுப்புகளுக்கும் 2025-இல் 4, 5, 7, 8-ஆம் வகுப்புகளுக்கும் புதுப் புத்தகம் கொண்டுவந்தது. எந்த வருஷப் பதிப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கதைப் புத்தகம், அகராதி என்றால் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தைக்குப் போங்கள். தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த அது 2019-இல் ஆசஃப் அலி சாலை மகிளா ஹாட்டுக்கு மாறியது. காலையிலேயே போனால் நல்லதாகப் பொறுக்கலாம், துணிப்பையை மறக்காதீர்கள்.