பணம் கட்டும் முன் ராடை உருட்டிப் பாருங்கள்

சில வருஷங்களுக்கு முன்னால், ஆடித் தள்ளுபடி என்று திருப்பூரில் ஒரு ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி, வரிசையாக டிரெட்மில். போய்ப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே ஈ காக்கா இல்லை. திங்கள் சாயங்காலம் பெல்ட்டும் பையுமாகப் போய் நின்றபோதுதான் ராடைத் தோள் உயரத்தில் தாங்கி நிற்கும் ஸ்குவாட் ரேக்கே இல்லை என்று தெரிந்தது. "அதா இருக்குதுங்களே" என்று மாஸ்டர் கை காட்டியது ஸ்மித் மெஷினை.

தப்பு அவர்மேல் இல்லை, என்மேல்தான். ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி ராடை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிற்பது) என்ற மூன்றும் சேர்ந்த பவர்லிஃப்டிங்கை மனதில் வைத்துப் போகிறவன் பார்க்க வேண்டிய எதையும் நான் பார்க்கவில்லை. ஸ்மித் மெஷினில் ராடு தண்டவாளத்துக்குள் ஓடும். பாரத்தை முன்னே பின்னே சாயாமல் பிடிக்கிற வேலை உங்களுக்கு இல்லை. போட்டி மேடையில் அந்த வேலைதான் பாதி. "வெயிட்லிஃப்டிங் பண்ணலாமுங்களா?" என்று கேட்டதும் இன்னொரு பிழை. அது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று ராடைத் தலைக்கு மேலே தூக்குகிற ஒலிம்பிக் விளையாட்டு. தலைக்கு மேலிருந்து ராடைப் போடுவார்கள் என்று ஓனர் பயந்து முகம் சுளிப்பார். மூன்று லிஃப்டின் பேரையும் சொல்லி, எத்தனை கிலோ தூக்குவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போதெல்லாம் எந்த ஜிம்முக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது ராடைத்தான். தரையில் உருட்டினால் வளைந்த ராடு நொண்டியடிக்கும். பிளேட் மாட்டும் முனை இரண்டு அங்குலத் தடிமனில், தனியாகச் சுழல வேண்டும். முனையும் நடுப்பகுதியும் ஒரே தடிமனாக, ஒரு அங்குலச் சொச்சம் ஓட்டை உள்ள பிளேட்டுகளோடு இருக்கிற பழைய ராடில் பெரிய பாரம் ஏற்ற முடியாது. அடுத்தது நர்லிங். கோயமுத்தூர்ப் பக்கம் லேத் பட்டறை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை பிடிக்க ராடில் வெட்டியிருக்கும் அந்தச் சொரசொரப்பு தேய்ந்திருந்தால், டெட்லிஃப்ட்டில் முதுகு தோற்கும் முன்னால் விரல் தோற்றுவிடும்.

எடையையும் கேட்டதோடு விடாதீர்கள். போட்டி ராடு 20 கிலோ. பல ஜிம்களில் 20 என்று சொல்லும் ராடு அதற்குக் குறைவாகவே இருக்கும். எடை மெஷின் எப்படியும் ஒரு மூலையில் கிடக்கும். ராடோடு ஒருக்கா, ராடு இல்லாமல் ஒருக்கா ஏறி நின்றால் விஷயம் தெரிந்துவிடும். போட்டியில் போய் 'இங்கே மட்டும் ஏன் கனக்குது' என்று முழிப்பதைவிட இது மேல்.

பிளேட்டுகளை எண்ணுங்கள். 180 கிலோ டெட்லிஃப்ட்டுக்கு ராடு போக 160 வேண்டும். அதாவது எட்டு 20 கிலோ பிளேட். மொத்த ஜிம்மிலும் எட்டுதான் என்றால், லெக் பிரஸ் மெஷினில் பிளேட்டுகளை ஏற்றுகிற அண்ணன் வந்துவிட்டால் உங்கள் கதை முடிந்தது. பெரியதை எண்ணுகிறவர்களும் கோட்டை விடுவது 1.25 கிலோ ஜோடியை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 5 கிலோ ஏற்ற வேண்டும். ஸ்குவாட் அதைத் தாங்கும், பெஞ்ச் தாங்காது. அங்கேயே மாசக்கணக்கில் நின்றுவிடும்.

ரேக் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்ததாகவே இருக்கும். அது குறையில்லை, நம் ஊர்ப் பட்டறை வேலை உறுதிதான். ஆனால் ராடைத் தாங்கும் கொக்கியை மாட்டுகிற ஓட்டைகளுக்கு இடையே இடைவெளி அதிகமாக விட்டிருந்தால், ராடு ஒரு ஓட்டையில் நெஞ்சுக்குக் கீழே, அடுத்ததில் தோளுக்கு மேலே என்று நிற்கும். நுனிக்காலில் எம்பி 140 கிலோவை எடுக்காதீர்கள். விழுந்தால் தாங்கும் சேஃப்டி கம்பி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

தரை தனி விஷயம். நம்மூரில் பாதி ஜிம்கள் மாடியில்தான். கீழே பேக்கரியோ ஜவுளிக்கடையோ இருக்கும். "டெட்லிஃப்ட் போடலாங்க, சத்தம் மட்டும் வரக்கூடாதுங்க" என்று ஓனர் சொன்னால் அது அனுமதி இல்லை, நாசூக்கான மறுப்பு. தரைத்தளமும் தடித்த ரப்பர் மேட்டும் இருந்தால் ஏசி இல்லாவிட்டாலும் அங்கேயே சேர்ந்துவிடுங்கள். வட்டமாக இல்லாமல் பன்னிரண்டு பட்டை வைத்த பிளேட் இருக்கும் ஜிம்மில் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ராடு ஒரு பக்கம் நகரும். எரிச்சலான சமாச்சாரம்.

அதேசமயம், மேலிருந்து ராடை விட்டெறிவது பவர்லிஃப்டிங்கே இல்லை. நடுவர் 'டவுன்' சொன்ன பிறகு இரண்டு கையாலும் பிடித்தபடி இறக்கினால்தான் லிஃப்ட் செல்லும். கையை விட்டால் செல்லாது. பொட்டாட்ட இறக்கிப் பழகினால் கீழ்க்கடைக்காரர் மாடியேறி வரமாட்டார்.

நேரத்தில் ஏமாறுவது நான் செய்ததேதான். நீங்கள் தினமும் போகப்போகும் நேரத்துக்கே போய்ப் பாருங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரே ரேக்கில் நாலு பேர் காத்திருந்தால், கனமான செட்டுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஓய்வெடுக்கும் உங்களுக்கு அது சரிப்படாது. பெண்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: லேடீஸ் டைமில் ரேக் இருக்கும் பக்கம் திறந்திருக்குமா, அல்லது சின்ன டம்பெல் வைத்த தனி அறை மட்டும்தானா?

சேர்ந்த பிறகு நடந்துகொள்ளும் விதத்தில் முதல் தப்பு, ரேக்கைப் பட்டா போட்டுக்கொள்வது. ஓய்வு உங்கள் உரிமைதான். அந்த இடைவெளியில் இன்னொருவர் ஒரு செட் போட்டுக்கொள்வது அவருடைய உரிமை. "எத்தனை செட் இருக்குதுங்ணா?" என்று யாராவது கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லி, "நீங்களும் போட்டுக்கங்க" என்றால் முடிந்தது. ராடின் கீழே போய் மூச்சைப் பிடித்து நிற்பவரிடம் மட்டும் எதுவும் கேட்கக் கூடாது. அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறுக்கே நடப்பதும் அப்படியே.

பெஞ்சில் ஸ்பாட் பிடிக்கும், அதாவது தூக்குபவர் தடுமாறினால் ராடைப் பிடிக்கத் தலைமாட்டில் நிற்கும் வழக்கம் பற்றித் தனியாகவே எழுதலாம். நம்மூர் அண்ணன்மார் பாசத்தில் முதல் ரெப்பிலிருந்தே (ஒரு தடவை தூக்குவது ஒரு ரெப்) ராடைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு, "நீங்களேதான் தூக்கறீங்க, நான் சும்மா விரல்தான் வெச்சிருக்கேன்" என்பார்கள். 80 கிலோவில் 25 அவருடையது. எத்தனை ரெப், எப்போது தொட வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்: "மூணுங்ணா. மேல போற ராடு திரும்பக் கீழ எறங்குனாத்தான் புடிக்கோணும்." நீங்கள் ஸ்பாட் பிடிக்கும்போதும் இதே கணக்கு.

ஸ்குவாட்டில் தொடையின் மேற்பகுதி, இடுப்பு மடியும் இடத்தில், முட்டியின் உச்சிக்குக் கீழே போக வேண்டும் என்பது போட்டி விதி. "அவ்ளோ கீழ போகாதீங்க, முட்டி போயிரும்" என்று மாஸ்டர் ஓடி வந்தால் எல்லார் முன்னாலும் விவாதிக்காதீர்கள். செட் முடிந்ததும் தனியாக, "போட்டிக்குப் பண்றங்க மாஸ்டர்" என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார். விடாமல் தினமும் பி.டி. (தனிப் பயிற்சி) எடுக்கச் சொல்லி நச்சரித்தால் ஜிம்மை மாற்றலாம்.

கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடரை ஓனரைக் கேட்காமல் ஜிம்முக்குக் கொண்டு போகாதீர்கள். மாவு மில் மாதிரி ஆக்கிவிட்டுப் போனால் துடைக்கிற அம்மாதான் அவதிப்படுவார். திரவ சாக் அவ்வளவாகச் சிந்தாது. எதுவானாலும் நர்லிங்கில் ஒட்டியதை ஒரு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வாருங்கள். டெட்லிஃப்ட் நாளில் முட்டி வரை சாக்ஸ் போடுங்கள். கணைக்கால் எலும்பு உரசி ராடில் ரத்தம் பட்டால் உடனே துடையுங்கள். செல்போனில் படம் பிடிப்பதானால் பின்னால் இருப்பவர் படத்தில் விழாத கோணத்தில் வையுங்கள். ஏற்றிய எட்டு பிளேட்டையும் இறக்கி அதனதன் இடத்தில் வையுங்கள்.

1.25 ஜோடி இல்லாத ஜிம்தான் கிடைத்தது என்றால் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பெயிண்டில் பேர் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நோம்பிக்குள் அது ஜிம் சொத்தாகிவிடும்.