ஊறப்போட ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

உளுந்து ஊறுகிறது, தேயிலை ஊறுகிறது, மீன் துண்டு மசாலாவில் ஊறுகிறது. தமிழில் ஒரே சொல் எல்லாவற்றையும் சமாளித்துவிடும். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். மட்டக்களப்புக் கல்லடியில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சமையல் பற்றி எழுதச் சொன்னால், அம்மா உளுந்தை மரினேட் செய்தார் என்று யாராவது எழுதிவிடுவார்கள். அகராதியைக் குறை சொல்ல முடியாது, அது எல்லாவற்றுக்கும் ‘ஊறவைத்தல்’ என்றுதான் போட்டிருக்கிறது.

அதனால் முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஊறி முடிந்தபின் எதை எடுக்கப் போகிறீர்கள், பொருளையா, தண்ணீரையா?

பொருளை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிடுவீர்கள் என்றால் சோக் (soak). பழைய ஆங்கிலத்தில் இது சோக்கியன். உறிஞ்சு என்று பொருள்படும் சக் என்ற சொல்லுக்கு உறவு. விதைநெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்போகத்துக்கு முன் அம்பாறைப் பக்கம் நெல்லை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, வடித்து, ஈரச்சாக்கில் கட்டி மூடி வைப்பார்கள். பிறகு கையை விட்டுப் பார்த்தால் உள்ளே கதகதவென்று சூடு, நெல்லின் நுனியில் வெள்ளை முளை. அந்த நெல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, அதுதான் சோக். உளுந்து, கடலை, அழுக்குத் துணி எல்லாம் இதில் அடங்கும்.

தண்ணீர்தான் வேண்டும், சக்கையை வீசிவிடுவீர்கள் என்றால் பெரும்பாலும் ஸ்டீப் (steep). தேத்தண்ணிக்குச் சாயம் இறக்குவது இப்படித்தான். செங்குத்தான மலைக்குச் சொல்லும் ஸ்டீப் வேறு சொல், குழம்ப வேண்டாம். கூத்திலேயே ஊறிய மனிதர் என்கிறோமே, அந்த ஊறலுக்கும் ஆங்கிலத்தில் இதே ஸ்டீப்தான்.

சாறு பொருளுக்குள் இறங்க வேண்டும் என்றால் மரினேட். பாரைத் துண்டில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப்புளி பூசி வைப்பது இதுதான். லத்தீனில் மாரே என்றால் கடல். கடல்நீர் போன்ற உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பதிலிருந்து பிறந்த சொல், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இது தெரிந்தால் உளுந்துக்கு மரினேட் போட யாருக்கும் கை வராது. கருவாட்டுக்கு உப்புப் போடுவதற்கு மட்டும் கியூர் என்று எழுதுங்கள்.

தேங்காய்ப் பொச்சுமட்டையைத் தண்ணீரில் மாதக்கணக்கில் தாழ்த்தி வைத்து, பிறகு அடித்துத் தும்பு எடுப்பதற்குத் தனிச் சொல்லே உண்டு: ரெட் (ret). அழுகு என்று பொருள்படும் ராட் (rot) என்பதன் உறவு. நார் மட்டும் நிற்க மற்றது அழுக வேண்டும் என்பதுதானே வேலையே!

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரென்ச் (drench). ட்ரிங்க் என்றால் குடி. குடிக்க வை என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ட்ரென்க்கான். நம் உண், ஊட்டு போன்ற சோடி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாயைத் திறந்து மருந்து ஊற்றுவதை இன்றும் ட்ரென்ச் என்றுதான் சொல்கிறார்கள். மாரி மழையில் கல்லடிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு தெப்பமாக நனைந்தால் ‘ஐ காட் ட்ரென்ச்ட்’ என்று எழுதலாம். சோக்ட் என்றாலும் சரி. ஆனால் ‘காட்’டை விட்டுவிட்டு ‘ஐ ட்ரென்ச்ட்’ என்று நிறுத்தினால், நீங்கள் எதையோ நனைத்ததாகிவிடும்.

இன்னொன்று, சாடன் (sodden). மழை பெய்து சொதசொதவென்று கிடக்கும் விளையாட்டுத் திடலுக்குச் சரியான சொல். ஆனால் 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், பஸ்கா ஆட்டை எப்படிச் சாப்பிடக்கூடாது என்று சொல்லும் இடத்தில் இதே சொல் வரும். அங்கே அதற்கு அவித்த என்று பொருள். கொதிக்க வை என்று பொருள்பட்ட சீத் (seethe) என்ற வினையிலிருந்து வந்த வடிவம் அது. பழைய நூல்களில் கண்டால் நனைந்த என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.