நெளிந்த வெனீரைத் தட்டையாக்கியது: என் அனுபவம்

அலமாரிக் கதவின் மேல் ஒட்ட வாங்கிய வால்நட் பர்ல் வெனீர் (வால்நட் மரத்தின் முண்டுப் பகுதியான பர்லிலிருந்து சீவிய மெல்லிய மரத்தகடு) பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. கனம் 0.6 மில்லிமீட்டர்தான், அப்படியே அழுத்தினால் விரிசல் விடும். பர்லில் மரநார் எல்லாத் திசையிலும் ஓடுவதால், காயும்போது இடத்துக்கு இடம் சுருக்கம் மாறும்.

நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கிளிசரின் கலந்து இரு பக்கமும் தெளித்தேன். வளைந்து கொடுக்கத் தொடங்கியதும், மேலும் கீழும் அச்சடிக்காத தாள் வைத்து, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்கினேன். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை ஒட்டிவிடும். உண்மையான வேலை தாள் மாற்றுவதுதான்: முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, அப்புறம் தினமும். ஈரத்தாள் அப்படியே கிடந்தால் பூசணம் பிடிக்கும். தாள் ஈரமில்லாமல் வெளிவந்த பிறகே பசை தடவினேன். அதுவரை, தாள் மாற்றும் நேரம் தவிர, வெனீரைப் பலகையை விட்டு எடுக்கவில்லை. வெளியே வைத்தால் மறுபடி நெளியும்.