மடு மண்ணும் மருந்தூசியும்: விசுவாசத்தையும் விஞ்ஞானத்தையும் மோதவிடும் தவறுகள்

விசுவாசமா, விஞ்ஞானமா? இலங்கையின் வன்னியில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வயல் வரம்பில்தான் எழும். கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் அரிவி வெட்டும் நேரத்தில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், வீட்டில் ஒருவர் மடு மண்ணைத் தேடுவார், இன்னொருவர் ஆட்டோவைத் தேடுவார். மடுமாதா கோயில் மண் விஷக்கடியில் இருந்து காக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. அந்த மண்ணைப் பக்தியோடு வீட்டில் வைத்திருப்பதில் பிழையில்லை. அதைப் பூசிவிட்டு, இனிப் பயமில்லை என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. உயிரையே கொண்டு போகிற தவறு.

முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். கட்டுவிரியன் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். சில நேரம் வலியே இருக்காது. சில மணி நேரத்தில் கண் இமை தொங்கும், அப்புறம் மூச்சு விட முடியாமல் போகும். இந்த இடைவெளியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கையையோ காலையோ அசையவிடாமல் உடனே கொண்டுபோங்கள். போகிற வழியில் செபமாலை சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம். நோய் வந்தால் ஆண்டவரிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது அது. மருந்தை ஆண்டவர் நிலத்தில் இருந்தே உண்டாக்கினார் என்றும் அங்கேயே இருக்கிறது. (புரட்டஸ்தாந்து சபைகளின் வேதாகமத்தில் இந்த நூல் இராது. ஆனால் பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர் என்பது எல்லோருடைய வேதாகமத்திலும் உண்டு.)

சுகம் கிடைக்காதவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் காணாது" என்று சொல்வது அடுத்த தவறு. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். இருவரும் இல்லை என்றார் இயேசு. 2009இல் போரில் தன் காலை இழந்த ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போய்ப் பாவத்தின் தண்டனையைப் பற்றிப் பேசுகிறவர், அந்த யோவான் 9ஆம் அதிகாரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஷெல் துண்டு ஏன் நரம்பை அறுத்தது என்பதற்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. அந்த மனிதரோடு கடவுள் எப்படி இருக்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து ஒருவர் தலையில் குற்றமாகக் கட்டக்கூடாது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம், "பரிணாமத்தைப் பரீட்சைக்கு எழுது, நம்பாதே" என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது பிள்ளைக்குப் பொய் பேசப் பழக்குவது. தொடக்கநூலில் ஒளி முதல் நாளில் வருகிறது, சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. இதைப் பாடப்புத்தகம்போல வாசிக்க முடியாது என்பதை அகுஸ்தீனார் 5ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். வானத்தையும் பூமியையும் பற்றி விசுவாசிகள் அறியாமல் பேசினால், விஷயம் தெரிந்தவர்கள் வேதத்தையே எள்ளி நகையாடுவார்கள் என்று எச்சரித்தவர் அவர். மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்குப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் இடம் கொடுத்தார். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். பட்டாணிச் செடியில் பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. இவ்வளவையும் மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாமே.

இதற்கு மறுபக்கத்திலும் ஒரு தவறு உண்டு. "கடவுள் இருக்கிறார் என்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது" என்று பிரசங்கத்தில் முழங்குவது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே எழுதிய ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கையின் வேர் அவருடையது. 1951இல் பாப்பரசரே அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. விஞ்ஞானக் கொள்கை நாளைக்குத் திருத்தப்படலாம், அதன் மேல் விசுவாசத்தைக் கட்டினால் அதுவும் சேர்ந்து ஆடும். தன் கணக்கு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்றே அவர் சொல்லிவந்தார். கடைசிவரை குருவாகவே இருந்து, 1966இல் இறந்தார்.